பஞ்சலிங்கத்தாரின் உபயம்

யாழ்ப்பாணத்து இளந்தாரிகள் மூன்று பேர் ராப் பாடி முன்னுக்கு வருகிற கதையைப் படமாக எடுத்தார்கள். எடுத்தவர் கனடாவிலிருந்து வந்த சுபாஸ்கரன். நிசமாகவே ராப் பாடியும் முன்னுக்கு வர வழியில்லாமல் அரியாலையில் இருந்த கோகுலனைப் பாட்டு எழுதவும் பாடவும் பிடித்துக்கொண்டார். முகம் காட்டத் தேவையில்லை, குரல் மட்டும் போதும் என்றார். கோகுலனுக்கு அதுவே பெரிய காரியமாக இருந்தது.

அவனுக்கு வேண்டியது ஒன்றுதான்: திரையில் தன் பெயர். அவனுடைய தாய் கமலாவதி கடைகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுப்பவர். மகன் கண்ணாடிக்கு முன்னால் நின்று கையை ஆட்டிப் புறுபுறுப்பதைப் பார்த்து அலுத்துப்போய் ஒரு தவணை வைத்திருந்தார்.

“படத்திலை உன்ரை பேர் வரட்டும், பிறகு நான் வாய் திறக்கமாட்டன். வரேல்லையெண்டால் மாமான்ரை கடையிலை போய் நில். அவரும் எத்தினை நாளைக்குக் கேக்கிறது?”

மாமாவின் கடை மருதனார்மடத்தில் இருந்தது. சீமெந்தும் தகரமும் விற்கிற கடை. அந்தத் தூசிக்குள் நிற்பதை நினைத்தாலே கோகுலனுக்கு மூச்சு முட்டியது.

சுபாஸ்கரன் படத்துக்குக் காசு போட ஆள் பிடித்த விதம் ஊருக்குப் பழகினதுதான். கோயில் திருவிழாவை நாளுக்கொரு குடும்பம் உபயமாக எடுத்துச் செய்வதுபோல, பாட்டுக்கொரு வெளிநாட்டுக் குடும்பம். கோகுலன் தன் தாயைப் பற்றி எழுதிய பாட்டு டொரன்ரோவில் இருக்கும் பஞ்சலிங்கத்தாரின் பங்குக்கு வந்தது. கோகுலன் பாடிப் பதிவு செய்ததைக் கேட்டுவிட்டு மனுசன் ஒலிப்பதிவுக் கூடத்துக்கே வாட்ஸ்அப்பில் அழைத்தார். சுபாஸ்கரன் போனை எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார்.

“தம்பி, என்ரை அம்மாவை நினைச்சு அழுதுபோட்டன். என்ன பாட்டடாப்பா!”

“என்ரை எண்டு என்ன இருக்கு அண்ணை? உங்கடை பாட்டுத்தான்” என்றான் கோகுலன்.

எங்கள் ஆட்களுக்கு இந்த வியாதி உண்டு. வீடு வடிவாயிருக்கிறது என்று யாரும் சொன்னால் ‘உங்கடை வீடுதானே’ என்று வாய் தானாகச் சொல்லும். கேட்டவரும் சிரித்துவிட்டு, தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, தன் வீட்டுக்குப் போய்விடுவார். பஞ்சலிங்கத்தார் போகவில்லை. உள்ளே வந்து குடியேறிவிட்டார்.

மூன்று வாரம் கழித்து சுபாஸ்கரன் விசயத்தைச் சொன்னார். பஞ்சலிங்கத்தாரின் மகன் அதே பாட்டை அங்கே பாடி அனுப்பியிருந்தான். படத்தில் வரப்போவது அவனுடைய குரல். எழுதிப் பாடியவர் என்று வரப்போவதும் அவனுடைய பெயர்தான்.

“அண்ணை, அது நான் எழுதினது. என்ரை அம்மாவின்ரை கதை.”

“நீதானே எல்லாருக்கும் முன்னாலை குடுத்தனி?”

“அது ஒரு மரியாதைக்குச் சொன்னது அண்ணை!”

“எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்” என்றார் சுபாஸ்கரன், கூசாமல். “திருவிழாவிலை உபயகாரரின்ரை பேரைத்தானே வாசிக்கினம்? நாதஸ்வரக்காரன்ரை பேரை ஆர் வாசிக்கிறது? படம் முடிய நன்றி எண்டு ஒரு பட்டியல் ஓடும். அதிலை உன்னைப் போடுறன்.”

கோகுலன் சண்டை பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை. கடைசியில் வந்தாலும் பெயர் பெயர்தானே என்று தன்னைத் தானே ஏமாற்றிக்கொண்டான். முதல் காட்சிக்குத் தாயையும் கூட்டிக்கொண்டு போனான். பாட்டு யாருடையது என்று முன்கூட்டிச் சொல்லவில்லை. பெயரைக் கண்டபிறகு சொல்வோம் என்று இருந்தான்.

பாட்டு வந்தது. எழுதிப் பாடியவர் என்று பஞ்சலிங்கத்தாரின் மகனுடைய பெயர், பக்கத்தில் கனடா என்று போட்டு, திரையில் பெரிதாக விழுந்தது. தமிழை நுனிநாக்கில் தொட்டுத் தொட்டு ஒரு குரல் பாடியது:

மூண்டு மணிக்கு அடுப்பு மூட்டுறா,
முழு ஊருக்கும் இடியப்பம் நீட்டுறா,
ஆவி சுட்ட கையைச் சீலையாலை மூடுறா,
அவிச்சதிலை மிஞ்சினதைத் தனக்கெண்டு தேடுறா.

கமலாவதி தழும்பேறிய மணிக்கட்டைச் சீலைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டார். பாட்டு முடியும்வரை அழுதார். கோகுலனுக்கு நெஞ்சு நிறைந்தது, அதே நெஞ்சு எரிந்தது.

படம் முடிந்ததும், கனடாவிலிருந்து மகனோடு வந்திருந்த பஞ்சலிங்கத்தாருக்கும் மற்ற உபயகாரருக்கும் பொன்னாடை போர்க்க வேண்டும் என்று அவசரப்பட்டு விளக்குகளைப் போட்டுவிட்டார்கள். நன்றிப் பட்டியல் வெளிச்சத்தில் வெளுத்து, மேடையேறியவர்களின் முதுகுகளில் ஓடி முடிந்தது. கோகுலன் எழுந்து நின்று பார்த்தும் ஒரு எழுத்தும் பிடிபடவில்லை.

“கனடாவிலை வளந்த பிள்ளைக்கு என்ரை வயித்தெரிச்சல் எப்பிடியடா தெரிஞ்சது?” என்றார் கமலாவதி, மூக்கைத் துடைத்தபடி.

“அம்மா, அது நான் எழுதினது. உங்களைப் பாத்துத்தான் எழுதினது.”

கமலாவதி மகனை ஏற இறங்கப் பார்த்தார். சுற்றிவர யாருக்கும் கேட்டுவிட்டதோ என்று திரும்பியும் பார்த்தார். முகம் வெட்கத்தில் கறுத்துப்போனது.

“மெல்லக் கதை. பேர் போட்டவங்கள், நானும் வாசிச்சனான். ஊரான் பிள்ளையின்ரை உழைப்பை உன்ரை எண்டு சொல்லுற அளவுக்கு வந்திட்டியே? நாளைக்கே மாமாட்டைப் போ.”

பிறகு கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னுக்குப் போனார். பொன்னாடையோடு நின்ற பஞ்சலிங்கத்தாரின் மகன் குனிந்து கொடுக்க, அவன் தலையில் இரண்டு கையையும் வைத்து, “உன்னைப் பெத்தவள் குடுத்து வைச்சவள் ராசா” என்றார்.