வால்வில் கை வைத்தவன்

ஹாஸ்கெட்டுக்கு புரூயிட்டைப் பிடிக்காது என்று சொன்னால் அது பாதி உண்மைதான். பிடிக்காதவனை யாரும் பார்த்துக்கொண்டே இருக்க மாட்டார்கள். ஹாஸ்கெட்டோ காலையில் கண் விழித்ததிலிருந்து புரூயிட்டைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான். புரூயிட் எந்தக் காலில் முதலில் பூட்ஸ் மாட்டுவான் என்று கேட்டால்கூடச் சொல்லிவிடுவான்.

இருவரும் எங்கள் கடற்படைப் பிரிவில் படகு ஓட்டுபவர்கள். கொரோனாடோ கடற்கரையில் நாங்கள் வைத்திருப்பவை கறுப்பு ரப்பர் படகுகள். மடித்தால் நாலு பேர் தூக்கும் பொதி. காற்றடித்துப் பின்னால் மோட்டாரை மாட்டினால் ஆறு பேரைச் சுமந்துகொண்டு அலையைத் தாண்டும். ஹாஸ்கெட்டின் படகில் முன்னால் உட்காருபவன் நான், டீக்கின். அவன் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்பதுதான் அந்த இடத்தில் எனக்கிருந்த ஒரே வசதி.

ஹாஸ்கெட் ஒரிகன் கரைக்காரன். அப்பா நண்டு பிடிப்பவர். நடக்கப் பழகும் முன்பே படகில் வாந்தி எடுக்கப் பழகிவிட்டதாகப் பெருமையடிப்பான். புரூயிட் நெப்ராஸ்காவிலிருந்து வந்தவன். அங்கே கண்ணுக்கு எட்டிய வரை மக்காச்சோளம்தான். படையில் சேர்ந்த பிறகுதான் கடலையே பார்த்தான். அப்படிப்பட்டவன் அலைக்கு வெளியே படகை நிறுத்தி, மெதுவாக விசிலடித்துக்கொண்டு காத்திருப்பான். பெரிய அலைகள் வரிசையாகப் போய் ஓயும் நேரம் பார்த்து, பேருந்திலிருந்து இறங்குவதுபோல் கரையில் இறங்குவான். ஒரு நாளும் அவன் படகு கவிழ்ந்ததில்லை. ஹாஸ்கெட் எங்களை மூன்று முறை கவிழ்த்திருக்கிறான்.

இது போதாதென்று புரூயிட் நல்லவன் வேறு. காலையில் பெரிய பிளாஸ்க்கில் காப்பி கொண்டுவந்து எல்லோருக்கும் ஊற்றுவான். ஹாஸ்கெட் மட்டும் அதைத் தொடாமல், இயந்திரத்தில் காசு போட்டுக் கழுவிய தண்ணீர் போன்ற ஒன்றை வாங்கிக் குடிப்பான். புரூயிட் பரிட்டோ ரொட்டிச் சுருளைத் தின்றால் கையில் ஒரு சொட்டு வழியாது. அதற்குக்கூட ஹாஸ்கெட்டின் வயிறு எரிந்தது. எனக்கும் கொஞ்சம் எரிந்தது என்பதை மறைப்பானேன்.

அடுத்த மாதம் நாங்கள் ஆறு மாத வெளிநாட்டுப் பணிக்குக் கிளம்ப வேண்டும். முன்படகை ஓட்டப்போவது யார் என்பதுதான் கேள்வி. இருட்டில் வழி கண்டுபிடிப்பது முன்படகு. மற்றவை அது கிழித்துவிட்டுப் போகும் நுரையைப் பிடித்துக்கொண்டு பின்னால் போக வேண்டும். முன்படகு புரூயிட்டுக்குப் போனால் ஆறு மாதம் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவது ஹாஸ்கெட்டின் தலையெழுத்து. அந்த நினைப்பிலேயே அவன் இளைத்துப்போனான். எங்கள் மேலதிகாரி சீஃப் மென்டியோலா அதிகம் யோசிக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை இரண்டு பேரும் அலைக்கு வெளியே நிற்கும் மிதவையைச் சுற்றிக்கொண்டு திரும்ப வேண்டும், பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார்.

வெள்ளிக்கிழமை மணலில் படகுகளைப் பிரித்துப் போட்டுக் காற்றடித்தோம். இந்தப் படகின் ரப்பர்க் குழாய் வெளியே பார்க்க ஒன்றுதான். உள்ளே தடுப்பு வைத்து அறை அறையாகப் பிரித்திருக்கும். அறைகளுக்கு நடுவே வால்வுகள். காற்றடிக்கும்போது அவை திறந்திருந்தால் எல்லா அறையிலும் சமமாக ஏறும். அடித்து முடித்ததும் மூடிவிட வேண்டும். மூடியிருந்தால் ஓர் அறை கிழிந்தாலும் மற்றவை தாங்கும். திறந்திருந்தால் ஒரு கிழிசல் போதும், மொத்தப் படகும் போய்விடும். முதல் நாளே சொல்லித்தரும் பாடம் இது.

புரூயிட்டின் படகு எங்களுக்கு முன்பே விறைத்து நின்றுவிட்டது. ஹாஸ்கெட் மிதித்துக்கொண்டிருந்த பம்பை என்னிடம் தள்ளிவிட்டு இடுப்பில் கை வைத்து அதையே முறைத்தான். முடித்ததும் வால்வெல்லாம் மூடியாகிவிட்டதா என்று கேட்டேன். புரூயிட்டின் மேலிருந்து கண்ணை எடுக்காமல் "ம்" என்றான்.

நானும் ஹாஸ்கெட்டும் மோட்டாருக்குப் பெட்ரோல் எடுக்கப் போய்த் திரும்பியபோது, எங்கள் படகின் பக்கத்தில் புரூயிட் மண்டியிட்டிருந்தான். அவன் கை வால்வின் மேல் இருந்தது. எங்களைக் கண்டதும் எழுந்து ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"உன் படகு அங்க இருக்கு" என்றான் ஹாஸ்கெட்.

"இல்லடா, இந்த வால்வு..."

"அங்க இருக்குன்னேன்."

புரூயிட் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டான். சீஃப் அதற்குள் கையை வீசி எங்களைக் கிளம்பச் சொன்னார். ஹாஸ்கெட் குனிந்து இரண்டு பக்கமும் ஒவ்வொரு வால்வாகத் திருப்பினான். பழைய படகு. திறந்ததா மூடியதா என்று காட்டும் வால்வுக் குறியெல்லாம் எப்போதோ தேய்ந்துபோயிருந்தது.

"என்ன பண்ற?" என்று கேட்டேன்.

"நான் மூடி வச்சத தொறந்து விட்டுட்டுப் போறான் பாரு. சோளக்கொல்லைப் பய. இதுக்குத்தான் இத்தன நாளா நல்லவன் வேஷம்."

நான் நம்பினேன். புரூயிட் ஒரு தப்பாவது செய்ய மாட்டானா என்று எனக்கும் உள்ளுக்குள் ஆசை இருந்திருக்க வேண்டும்.

அலையைத் தாண்டியபோது புரூயிட் எங்களுக்கு இரண்டு படகு நீளம் முன்னால் இருந்தான். மிதவையை நெருங்கினோம். அது இரும்பு. துருப்பிடித்து, அடியில் கூரான கொட்டலசுச் சிப்பி மண்டிக் கிடந்தது. ஒட்டிப் போனால் கிழிக்கும் என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் புரூயிட் அகலமாக வளைந்தான். ஹாஸ்கெட் அந்த இடைவெளியைப் பார்த்தான். நான் கையை ஆட்டி வேண்டாம் என்று கத்தினேன். அவன் உள்பக்கமாகப் படகை நுழைத்தான்.

ஜீன்ஸ் கிழிவதுபோல் ஒரு சத்தம் கேட்டது. அந்த ஒரு நிமிஷம் நாங்கள்தான் முன்னால். திரும்பிப் பார்த்தேன், ஹாஸ்கெட் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். அறை ஒன்று போனாலும் மற்றவை தாங்கும் என்ற தைரியம். பிறகு நான் உட்கார்ந்திருந்த பக்கம் தொளதொளத்தது. அடுத்து எதிர்ப்பக்கம். படகு பாலில் ஊறிய ரொட்டிபோல் நடுவில் மடிந்தது, மோட்டார் பின்னால் இழுக்க, நாங்கள் எல்லோரும் கழுத்தளவு தண்ணீரில் கிடந்தோம்.

புரூயிட் நேரே கரைக்குப் போயிருக்கலாம். முன்படகு அவன் கையில் விழுந்தாயிற்று. ஆனால் திரும்பி வந்தான். எங்களை ஒவ்வொருவராக இழுத்துப் போட்டான், செத்த படகைக் கயிற்றில் கட்டினான். கட்டும்போது வால்வைத் தடவிப் பார்த்தான்.

"இதெல்லாம் தொறந்து கெடந்துச்சுன்னு நான்தானே மூடினேன்" என்றான், தனக்குத்தானே பேசுவதுபோல்.

ஹாஸ்கெட்டின் முகத்தைப் பார்க்க எனக்கே சங்கடமாக இருந்தது. கரை சேரும் வரை புரூயிட் விசிலடிக்கவில்லை. அதுவும் எங்களுக்காகத்தான் என்று நினைக்கிறேன். அவனிடம் எரிச்சலூட்டுவதே இந்த மாதிரி விஷயங்கள்தான்.

சீஃப் படகைக் காலால் உதைத்துப் பார்த்தார். ஒரு கிழிசலுக்கு எல்லா அறையும் எப்படிப் போகும் என்று கேட்டார். புரூயிட்தான் முன்னால் வந்தான்.

"பழைய வால்வு சீஃப். குறியே தேஞ்சு போச்சு. தொறந்திருக்கா மூடியிருக்கான்னு யாருக்கும் தெரியாது" என்றான்.

அத்தோடு முடிந்திருக்கும். சீஃப் தலையாட்டிவிட்டுத் திரும்பினார். ஹாஸ்கெட் தப்பித்துவிட்டான். ஆனால் தண்ணீரில் மூழ்கியபோதுகூட அவனுக்கு அப்படி மூச்சுத் திணறவில்லை.

"பொய் சொல்றான் சீஃப்" என்றான். "நான் மூட மறந்துட்டேன். அவன் வந்து மூடிட்டுப் போனான். நான்தான் மறுபடி தொறந்து விட்டேன்."

அது நேர்மை என்று பின்னால் சிலர் மெச்சினார்கள். பக்கத்தில் நின்ற எனக்குத் தெரியும், நேர்மையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. புரூயிட்டுக்குக் கடன்பட்டு வாழ்வதை விட, வேலையே போனாலும் தேவலை என்று அவனுக்குப் பட்டுவிட்டது.

சீஃப் அவன் பக்கம் திரும்பினார். ஏன் திறந்தாய் என்று கேட்டார்.

"அவன் கை பட்டுச்சு, அதான்."

யாரும் சிரிக்கவில்லை. சீஃப் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். முன்படகு புரூயிட்டுக்கு என்றார். ஹாஸ்கெட்டை என்ன செய்யப்போகிறார் என்று எல்லோரும் காத்திருந்தோம்.

"நீ அதே படகுல ஏறு. வால்வு பாக்கறது இனிமே உன் வேல. எப்படியும் நாள் முழுக்க அவன் கையத்தானே பாத்துட்டிருக்க. பக்கத்துலயே உக்காந்து பாரு."

எங்கள் படகை ஓட்டும் வேலை எனக்கு வந்தது. ஆகவே ஆறு மாதம் அந்த முதுகுகளைப் பார்க்கப்போவது நான்தான். ஒன்றுக்கு இரண்டாக.

திங்கட்கிழமை காலை புரூயிட் காற்றடித்து முடித்துவிட்டு, பிளாஸ்க்கைத் திறந்து காப்பி ஊற்றிக்கொண்டிருந்தான். ஹாஸ்கெட் படகைச் சுற்றி வந்து ஒவ்வொரு வால்வாகக் குனிந்து பார்த்தான். மறுபடியும் ஒரு சுற்று வந்தான். ஒன்றே ஒன்றாவது திறந்திருக்காதா என்று அவன் தேடியது என் படகிலிருந்தே எனக்குத் தெரிந்தது. எல்லாம் மூடியிருந்தன. புரூயிட் நீட்டிய காப்பியை அவன் வாங்கிக் குடித்தான், முகத்தைச் சுளித்துக்கொண்டு. நல்ல காப்பி அது.