குணாளன் வேனின் கேரியர்

எஸ்டேட் முனியாண்டி சாமிமேல் ஆணையாகச் சொல்கிறேன்: இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. எல்லாம் இந்த இரண்டு கண்ணாலும் பார்த்தது. பார்க்காததைச் சொல்லாமல் விட்டிருப்பேன்; அப்படி விடும்படி எதுவும் அமையவில்லை. நம்பாதவர்கள் ஜெராய் மலையைக் கேட்டுக்கொள்ளலாம். அதுவும் எங்களோடு சேர்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தது.

விடிவதற்கு முன்பே குணாளனின் வெள்ளை வேன் திகாம் பத்து என்ற ஊரின் மலிவு விலை வீடுகளின் முன்னால் வந்து நிற்கும். தோட்டத்து லயத்து வீடுகளை இடித்த பிறகு எல்லோரும் அங்கே வந்துவிட்டோம். வேலை மட்டும் நகராமல் பழைய இடத்திலேயே, மலையடிவாரச் செம்பனைத் தோட்டத்தில் இருந்தது. குணாளன் வங்கிக் கடனில் வேன் வாங்கியதே எங்களை ஏற்றிப்போகத்தான்.

காலைப் பெரட்டில் வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிட்டு முடிக்கும்போது இருட்டு இன்னும் ஓலைகளுக்கு நடுவில் தொங்கிக்கொண்டிருக்கும். நீளக் கம்பை நிமிர்த்தி, நுனியில் மாட்டிய வளைந்த கத்தியை மட்டையின் கழுத்தில் கொடுத்து இழுக்க வேண்டும். மேலே பார்த்துப் பார்த்து நம் கழுத்தும் மட்டை மாதிரி இறுகிப் போகும். பூச்சி, தூசி, நேற்றைய மழை எல்லாம் கண்ணுக்குள் கொட்டும். குலை விழும் சத்தம் காதுக்கு முன்னால் உள்ளங்காலுக்குக் கேட்கும். கீழே பெண்கள் குனிந்து, முள்ளுக்கும் பாம்புக்கும் நடுவில் உதிரிப் பழத்தைப் பொறுக்குவார்கள். ராக்காயி பொறுக்குகிற வேகத்தில் பழம் தரையைத் தொடாமலே சாக்குக்குள் போய்விடும். பார்த்தேன். அந்தோணிதாஸின் கத்தி அவ்வளவு கூர்மை. ஒருநாள் தவறிப்போய்ப் பனிமூட்டத்தை இழுத்து வெட்டிவிட்டான். வெட்டுப்பட்ட பாதி, யான் என்ற ஊர்ப் பக்கம் போய் வயலில் விழுந்தது. அதையும் பார்த்தேன்.

அந்தக் கத்திகளால்தான் இவ்வளவும். முன்பெல்லாம் கம்பும் கத்தியும் எங்களோடு வேனுக்குள்ளேயே வரும், கால்களுக்கு நடுவில். ஒருநாள் வேன் பள்ளத்தில் இறங்கி ஏறியபோது ஒரு கத்தி உறை கழன்று யோகேஸ்வரியின் குதிகாலைக் கிழித்தது. அவள் நெடுநாள் நடக்கவில்லை. காண்டிராக்டர் யோகேந்திரன் கொடுக்கிற சம்பளமும் அத்தனை நாள் அவள் வீட்டுப் பக்கம் நடக்கவில்லை.

அதன் பிறகுதான் வேன் கூரைமேல் கேரியர் வைத்தோம். பற்றவைத்தவன் அந்தோணிதாஸ். இரும்பு எல்லோருடையதும்: ஒரு வீட்டுக் கட்டில் கால், ஒரு வீட்டுச் சைக்கிள், ராக்காயி வீட்டு ஜன்னல் கம்பி. போல்ட் போட்டு மாட்டினோம். ஆயுத பூஜைக்கு அதைக் கழற்றி இறக்கி, கத்தி கம்புகளோடு முனியாண்டி முன்னால் வைத்துச் சந்தனம் குங்குமம் இடுவோம். அன்று முழுக்க அதைத் தொட மாட்டோம். மறுநாள் திரும்ப மேலே ஏறும். யோகேந்திரன்கூட வந்து கேரியரைத் தட்டிப் பார்த்தார்.

"பகுஸ் லா, நல்லாருக்கு. உள்ள இடம் காலியாச்சில்ல, இன்னும் ரெண்டு ஆள ஏத்து" என்றார்.

விபத்து நடந்த காலையில் மழை தூறிக்கொண்டிருந்தது. குருண் சாலைச் சந்திப்பில் சிவப்பு விளக்குக்கு வேன் நின்றது. பின்னால் வந்த கல் லோரிக்கு நிற்க விருப்பமில்லை. மோதிய வேகத்தில் வேனின் பின்கதவு கழன்று ராக்காயியின் மடியில் வந்து உட்கார்ந்தது. நம்பர் பிளேட்டில் சேறு அப்பியிருந்த லோரி அப்படியே வளைந்து போய்விட்டது. எங்கள் ஹாரன் சிக்கிக்கொண்டு அலறிய அலறலில், ஜெராய் மலைமேல் இருந்த மேகம் கீழே இறங்கி வந்து, என்ன ஏது என்று பார்த்துவிட்டுத் திரும்ப ஏறிப்போனது.

அந்தோணிதாஸின் தோள் எலும்பு முறிந்த சத்தமும் கேட்டது. அதற்கு நான் எதையும் கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை.

கத்திகள் மட்டும் மேலே கட்டியது கட்டியபடி இருந்தன. அவை உள்ளே இருந்திருந்தால் இதைச் சொல்ல நான் இருந்திருக்க மாட்டேன்.

போலீசில் ரிப்போர்ட் கொடுத்துவிட்டு வேனை வீட்டு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினோம். அங்கேதான் நாங்கள் ஒரு காரியம் செய்தோம். "கண்ணு பட்டிருக்கு" என்றாள் ராக்காயி. அதை மறுத்துப் பேச யாருக்குத் தைரியம்? வேனை மஞ்சள் தண்ணீர் ஊற்றித் தலைமுதல் கால்வரை குளிப்பாட்டினோம். பூசணிக்காய்க்குள் குங்குமத்தைக் கொட்டி முன்னால் உடைத்தோம். கண்ணாடியில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துக் கட்டினோம். வெள்ளை வேன் மஞ்சளும் சிவப்புமாகக் கல்யாணப் பெண் மாதிரி நின்றது.

மறுநாள் இன்சூரன்ஸ் கம்பெனி ஆள் வந்தான். சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தான். நாங்கள் தே தாரிக் ஆற்றிக் கொடுத்தோம், அந்தத் தேநீரைக் குடித்தான். நசுங்கிய பின்பக்கத்தைவிட கூரையைத்தான் அதிகம் பார்த்தான்.

பிறகு கடிதம் வந்தது. இழப்பீடு கிடையாது. காரணம் ஒன்று: அனுமதியில்லாமல் கூரைமேல் இரும்பு பொருத்தி வண்டியை மாற்றியமைத்தது. காரணம் இரண்டு: அனுமதியில்லாமல் வண்டியின் நிறத்தை வெள்ளையிலிருந்து மஞ்சள் சிவப்பாக மாற்றியது. லோரியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அன்றிலிருந்து குணாளன் உட்காரவில்லை. நின்றுகொண்டே சாப்பிட்டான். வேனைச் சுற்றி நடந்தான், நடைபாதையில் நடந்தான். சரிசெய்யாத வேனை ஓட்டிச் சம்பாதிக்க முடியாது. சம்பாதிக்காவிட்டால் வங்கிக்காரன் வேனை இழுத்துப் போவான். அவன் நடந்த நடையில் சிமெண்டுத் தரையில் வாய்க்கால் விழுந்து, மழைத்தண்ணீர் அதன் வழியாக ஒழுங்காக ஓட ஆரம்பித்தது. நகராண்மைக் கழகம் பல வருஷமாகச் செய்யாத வேலை அது.

யோகேந்திரன் பிக்கப்பில் வந்தார். இறங்கவில்லை. கண்ணாடியை மட்டும் இறக்கினார்.

"வேன் என்னாச்சு, குணா?"

"இன்சூரன்ஸ்ல முடியாதுன்னுட்டாங்க, பாஸ். கேரியராம்."

"எதுக்கு இந்த வேண்டாத வேலை? உன் வேன், உன் தலைவலி."

"நீங்கதான தட்டிப் பாத்து பகுஸ்னு சொன்னீங்க?"

"தட்டினேன். மாட்டச் சொன்னேனா?"

ராக்காயி முன்னால் வந்தாள். "ரெண்டு ஆளு கூட ஏத்தச் சொன்னது எந்த வாயி, பாஸ்? வேனுக்குப் பதிலா அந்த வாய இன்சூரன்ஸ் பண்ணியிருக்கணும்."

யோகேந்திரன் அவளைப் பார்க்காமல் பேசினார். "திங்கக்கிழம என் லோரி வரும். ஏறுறவங்களுக்கு வேலை உண்டு. எண்ணெய்க் காசு சம்பளத்துல புடிப்பேன். ஏறலேன்னா வெளியாளு கிடக்கான் ஆயிரம்."

"கூரைகூட இல்லாம பொறந்த மேனியா நிக்கிற லோரி. அதுல கத்திய எங்க வெக்கிறது?" என்று யோகேஸ்வரி கேட்டாள்.

"கையில புடிச்சிக்கோ."

அவள் செருப்பைக் கழற்றிக் காலைத் தூக்கித் தழும்பைக் காட்டினாள். "இதப் புடிச்சிக்கிட்டேதான் நடக்கிறேன். இன்னொண்ணு வேணாம்."

கண்ணாடி மேலேறியது. பிக்கப் போன பிறகும் யாரும் வீட்டுக்குள் போகவில்லை. அந்தோணிதாஸ் கட்டுப்போட்ட தோளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு சொன்னான்: "பத்தவெச்சது நானு. நானே இன்சூரன்ஸ் ஆபீசுக்குப் போயி என் தப்புன்னு சொல்லிடறேன். குணாவ விட்டுருவாங்க."

"உன் ஒருத்தன் இரும்பாடா அது?" ராக்காயி பாய்ந்தாள். "என் வீட்டு சன்னல் கம்பி அதுல இருக்கு. காத்து வந்த சன்னல்ல இப்ப பூனை வருது. போனா எல்லாரும் போவோம்."

"அப்ப லோரி?"

"வரட்டும். வந்து எண்ணெய் தீத்துக்கிட்டுப் போகட்டும். என்ன சின்னையாண்ணே?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள்.

நான் தலையாட்டினேன். வேறு எப்படியும் ஆட்ட முடியாது. அவள் பார்வை அப்படி.

திங்கட்கிழமை இருட்டோடு லோரி வந்து ஹாரன் அடித்தது. எல்லோரும் வாசலில் நின்றோம். யாரும் ஏறவில்லை. அதில் ஏற்கெனவே ஏற்றிவந்திருந்த வங்காளதேசத்துக்காரர்கள் இருவர், கத்திகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார்கள். யோகேஸ்வரி மறுபடியும் செருப்பைக் கழற்றித் தழும்பைக் காட்டினாள். அதற்கு எந்தப் பாஷையும் வேண்டியிருக்கவில்லை. அவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கத்திகளைக் கீழே வைத்துவிட்டு இறங்கினார்கள். லோரி காற்றை ஏற்றிக்கொண்டு போனது.

அந்த இருவரையும் ஏற்றிக்கொண்டு, நாங்கள் அதே நசுங்கிய வேனில் அலோர் ஸ்டாருக்குக் கிளம்பினோம். பின்கதவைக் கயிற்றால் கட்டியிருந்தோம். கயிற்றுக்கு வயதாகிவிட்டதால் நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். வெளியே நீட்டியிருந்த என் கையில் ஒரு கொக்கு வந்து உட்கார்ந்து, வயல்களை வேடிக்கை பார்த்துக்கொண்டே குருணிலிருந்து அலோர் ஸ்டார்வரை வந்தது. பார்த்தேன்.

இன்சூரன்ஸ் ஆபீசில் குளிர். கவுண்டருக்குப் பின்னால் ஜானிஸ் என்ற பெண், நம் பெண்தான், கழுத்தில் சின்னச் சிலுவை.

"எல்லாரும் ஒரே நேரத்துல வந்தா எப்படி, அங்கிள்? ஓனர் மட்டும் பேசுங்க" என்றாள். கம்ப்யூட்டரைப் பார்த்தாள். "வண்டிய மோடிஃபை பண்ணியிருக்கீங்க. பாலிசில கிளியரா போட்டிருக்கு. யாரு இந்தக் கேரியர மாட்டினது?"

குணாளன் வாயைத் திறந்தான்.

"நான்" என்றான் அந்தோணிதாஸ்.

"நான்தான்" என்றாள் ராக்காயி.

"போல்ட்ட முறுக்குனது நானு" என்றாள் யோகேஸ்வரி.

பின்னாலிருந்தும் வரிசையாக நான், நான் என்று வந்தது. என் முறை வந்தபோது, "இரும்ப உருக்குனதே நான்தாம்மா, வெறுங்கையால" என்றேன். ஜானிஸ் சிரிப்பை அடக்க ஒரு பேனாவை எடுத்து மூடினாள். அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

"ஆன்டி, சும்மா விளையாடாதீங்க. ரூல்ஸ் நான் போடல."

"நாங்களும்தான் போடல" என்றாள் ராக்காயி. "செத்த இரு, பாப்பா."

வெளியே போனோம். ஆயுத பூஜைக்குக் கழற்றுகிற அதே மாதிரி கேரியரைக் கழற்றினோம். ஆளுக்கொரு பக்கம் தூக்கி, கண்ணாடிக் கதவைக் காலால் தள்ளி, ஆபீஸ் நடுவில் கொண்டுவந்து வைத்தோம். சந்தனப் பொட்டு இன்னும் அதில் காய்ந்து ஒட்டியிருந்தது.

"இது வண்டி இல்லம்மா, எங்க ஆயுதம்" என்றான் குணாளன். சந்தனப் பொட்டைத் தொட்டுக் காட்டினான். "வருசா வருசம் இறக்கிச் சாமிகிட்ட வெக்கிறோம். வண்டி வெளிய நிக்குது, வாங்குன மாதிரியே. வந்து பாருங்க. இதுதான் வண்டிக்குள்ள இருந்த கத்தியெல்லாம் வெளிய வெச்சிச்சி. இல்லேன்னா நீங்க வேனுக்குக் கடுதாசி எழுதியிருக்க மாட்டீங்க, எங்க உசுருக்கு எழுதியிருப்பீங்க. நாங்க நின்ன வண்டி. மோதுனது லோரி. கேரியரா போயி லோரிய இழுத்துட்டு வந்துச்சி?"

ஜானிஸ் எழுந்து வெளியே வந்தாள். வேனைச் சுற்றினாள். "அப்ப கலர்?" என்றாள், முன்னைவிடச் சின்னக் குரலில்.

ராக்காயி கண்ணாடியில் தொங்கிய எலுமிச்சம்பழத்தைப் பிய்த்து, அரிந்து, வண்டியின் கன்னத்தில் தேய்த்தாள். சேலைத் தலைப்பால் துடைத்தாள். உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளை வெளியே வந்தது.

"எலுமிச்சம்பழத்துல போற கலருக்கு எந்த ஆபீஸ்ல பெர்மிட் வாங்குறது, பாப்பா? உங்கம்மா புதுக் காருக்குச் சாமியார்கிட்ட தண்ணி தெளிக்கச் சொல்லலியா?"

"சொன்னாங்க" என்றாள் ஜானிஸ். பிறகு தன் கைப்பேசியை எடுத்து அந்த வெள்ளையைப் படம் எடுத்தாள். கூரையை எடுத்தாள். பின்பக்கத்தை எடுத்தாள், நிதானமாக. "நான் பாத்தத எழுதி கே.எல். ஹெட் ஆபீசுக்கு அனுப்பறேன். முடிவு அவங்கதான். பிராமிஸ் பண்ண முடியாது, அங்கிள். காண்டிராக்டரும் வந்து, இது வேலைக்குத்தான் வெச்சது, எனக்குத் தெரியும்னு சொன்னா நல்லது."

கூப்பிட்டதுபோல் யோகேந்திரனின் போன் வந்தது. குணாளன் ஸ்பீக்கரில் போட்டான்.

"எங்கடா இருக்கீங்க எல்லாரும்? குலை மரத்துலயே பழுத்துக் கொட்டுது! மானேஜர் என்னப் போட்டுக் கிழிக்கிறான்!"

"அலோர் ஸ்டார்ல, பாஸ். நீங்களும் வாங்க. அன்னிக்குத் தட்டுன கைய மறக்காம எடுத்துட்டு வாங்க."

"திரும்பி வரலேன்னா ஒருத்தனுக்கும் வேலை இல்ல!"

"அப்ப பழத்த நீங்களே பொறுக்கிக்குங்க" என்று ராக்காயி போனுக்குள் கத்தினாள். "குனிஞ்சி பொறுக்கணும், பாஸ். பாம்பு இருக்கும்."

போன் அறுந்தது. வருவாரா என்று யாரோ கேட்டார்கள். "வரலேன்னா நாளைக்கும் பழுக்கும்" என்றான் அந்தோணிதாஸ்.

கேரியரை வெளியே கொண்டுவந்து கடையோர ஐந்தடி நடைபாதையில் வைத்துக் காத்திருந்தோம். அங்கே ஒரு மலாய்ப் பெரியவர் தன் மோட்டார் சைக்கிள் பக்கத்தில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பின் சீட்டில் மீன் பெட்டி. அதை வைத்ததற்காக அவருக்கும் இழப்பீடு இல்லை என்றுவிட்டார்களாம். "சாயா புன் சாமா" என்றார். என் கதையும் இதேதான் என்று. குணாளன் கேரியரைக் கொஞ்சம் நகர்த்தி இடம் விட்டான். பெரியவர் பெட்டியைக் கழற்றி அதன் பக்கத்தில் வைத்தார். வங்காளதேசத்துத் தம்பிகள் அவருக்கு நகர்ந்து உட்கார இடம் கொடுத்தார்கள்.

கண்ணாடிக்கு உள்ளே ஜானிஸ் போனில் யாரிடமோ ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு கையால் கூரையின் உயரத்தைக் காட்டினாள். கைக்கு ஒன்றும் வரவில்லை, கே.எல். இன்னும் வாய் திறக்கவில்லை. ஆனால் ஒருவர்கூட எழுந்து போகவில்லை. மீன் வாடை எங்கள் எல்லோர்மேலும் சமமாக வீசியது.

அப்போதுதான் குணாளன் உட்கார்ந்தான். கேரியரின் நடுக்கம்பியில், ராக்காயி வீட்டு ஜன்னல்மேல்.

ஒன்று சொல்ல விட்டுப்போனது: குணாளன் அந்த வேனை வாங்குவதற்கு முந்தின வருஷமே நான் எஸ்டேட்டை விட்டுப் பினாங்குக்கு, மகள் வீட்டுக்குக் குடிவந்துவிட்டேன். இருந்தாலும் பார்த்தேன்.