ஜன்னல் கமெண்ட்ரி

கிரிக்கெட் என்றால் எனக்கு இன்றைக்கும் உயிர். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் விளையாட்டைக் கண்டாலே கரித்துக்கொட்டுகிற பொம்பளை என்று நினைத்துக்கொள்வீர்கள். என் கோபம் விளையாட்டின் மேல் இல்லை. ராசி என்று ஒன்றைக் கண்டுபிடித்தானே ஒரு புண்ணியவான், அவன் மேல்தான்.

கல்பாக்கம் டவுன்ஷிப்பில் எங்கள் குவார்ட்டர்ஸ் இரண்டாவது மாடி. எதிர் வீடு தாமோதரன் அண்ணனுடையது. அவரும் என் புருஷன் ஜெரோமும் ஒரே ஷிப்டில் டெக்னீஷியன்கள். அண்ணன் ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவர், சாதாரணமாகப் பேசினாலே சண்டை போடுகிற மாதிரி இருக்கும். அவர் மனைவி வசுமதி அக்கா ரஜினி கட்சி, நான் கமல் கட்சி. கீழ் வீட்டில் தனியாக இருந்த பிரவின்குமார், எந்த நடிகை புதிதாக வருகிறாளோ அவள் கட்சி. ஞாயிற்றுக்கிழமையானால் நாங்கள் ஐந்து பேரும் அண்ணன் வீட்டு ஹாலில்தான் கிடப்போம். யார் படம் ஓடும், யார் படம் பெட்டிக்குள் போகும், அடுத்த மேட்சில் யாரைத் தூக்க வேண்டும், எல்லாவற்றையும் அங்கேதான் தீர்மானிப்போம்.

அந்தக் கூட்டத்தில் அதிகம் சிரிக்க வைக்கிறவன் ஜெரோம். நானும் அவனும் ஒரே வகுப்பில் படித்தவர்கள், வா போ என்றுதான் பேசிக்கொள்வோம், மாமியாருக்கு அது பிடிக்காது. அவன் சொல்கிற ஜோக்கெல்லாம் அவனைப் பற்றியே இருக்கும்.

“நான் போய் க்யூவுல நின்னாத்தான் அண்ணாத்த, ஹவுஸ்ஃபுல் போர்டை எங்க வெச்சோம்னு தியேட்டர்காரனுக்கு ஞாபகமே வரும்.”

“நீ வேடந்தாங்கலுக்குப் போன அன்னிக்கு ஒரு குருவி கூட இல்லியாமே?” என்று பிரவின் எடுத்துக்கொடுப்பான்.

“இருந்துச்சு மச்சான். என்னிய பாத்துட்டு ஆஸ்திரேலியாவுக்கே திரும்பிப் பூட்ச்சி.”

இப்படிச் சிரித்துச் சிரித்துத்தான் அவனுக்கு ராசி கெட்டவன் என்ற பட்டம் வந்தது. இந்தியா ஆடும்போது அண்ணன் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. ஆட்டம் நன்றாகப் போகிறதென்றால் யார் எப்படி இருக்கிறார்களோ அப்படியே இருக்க வேண்டும். பிரவின் ஒரு காலை ஸ்டூலில் வைத்திருந்தால் அது மரத்துப் போனாலும் எடுக்கக் கூடாது. வசுமதி அக்கா மடியில் பாதி நறுக்கிய பீன்ஸோடு மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்திருக்கிறார். ஜெரோமுக்குத் தனிச் சட்டம். இந்தியா பேட்டிங் என்றால் அவன் வெளியே மாடிப்படியில் நிற்க வேண்டும். அவன் டீ டம்ளரோடு உள்ளே வந்தபோதெல்லாம் விக்கெட் விழுந்ததாம், அண்ணன் கண்டுபிடிப்பு.

ஹாலுக்கும் படிக்கட்டுக்கும் நடுவே ஒரு சின்ன ஜன்னல். அதன் கீழ்தான் என் இடம். ஜெரோம் முதுகைக் காட்டிக்கொண்டு சவுக்குத் தோப்பைப் பார்த்தபடி நிற்பான், நான் உள்ளேயிருந்து சொல்லுவேன்.

“பவுலர் ஓடியாறான். பாவம், காலைல நாஸ்தா துன்னல போல, ஆடி அசைஞ்சு வர்றான். போட்டான். அடிச்சாச்சு, ஃபோரு!”

படிக்கட்டிலிருந்து கைதட்டல் கேட்கும். டிவியில் பார்ப்பதைவிட என் வாயால் கேட்பதுதான் அவனுக்கு ருசி என்பான். எனக்கும் அது பிடித்திருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

தொண்ணூற்றொன்பது ஜனவரி கடைசியில் சேப்பாக்கத்தில் பாகிஸ்தானோடு டெஸ்ட். அப்போது நான் வயிறும் பிள்ளையுமாக இருந்தேன். கல்யாணமாகி ஆறு வருஷம் ஏங்கி, கோயில் கோயிலாக மெழுகுவத்தி ஏற்றித் தங்கிய பிள்ளை. முதுகுவலியோடு ஒருத்தர் தனியாளாக அணியைத் தூக்கிக்கொண்டு வந்தது உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். நான் ஜன்னலடியில் சொல்லிக்கொண்டே இருந்தேன். தொண்டை வறண்டு போனது. இன்னும் இருபது ரன்கூட வேண்டாம் என்றபோது தாமோதரன் அண்ணன் மனசு பொங்கி, அவர் போட்ட சட்டத்தை அவரே உடைத்தார்.

“டேய் ஜெரோமு, உள்ள வாடா! இனிமே அந்த ஆண்டவனாலயும் தடுக்க முடியாது. ஜெயிக்கிறத கண்ணால பாருடா!”

“வேணாம் அண்ணாத்த, நான் இங்கியே கீறேன்.”

“வாடான்றேன்!”

ஜெரோம் வந்து கதவருகே நின்றான். முதுகுவலிக்காரர் அடித்த பந்து மேலே போனது. கீழே எதிரணிக்காரன் கையில் விழுந்தது. அதன் பிறகு மிச்சமிருந்தவர்களும் வந்தார்கள், போனார்கள். தோற்றோம். சேப்பாக்கத்தில் ஜனம் எழுந்து நின்று ஜெயித்தவர்களுக்குக் கை தட்டியது. எங்கள் ஹாலில் எல்லோரும் கதவருகே நின்றவனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“இன்னாடா கண்ணு அது?” என்றார் அண்ணன். “கொள்ளிக்கட்டைய வெச்சிக்கினு கீறியா?”

எல்லோரும் சிரித்தார்கள். துக்கத்தை எங்கேயாவது இறக்கி வைக்க வேண்டுமே. ஜெரோமும் சிரித்தான். ஆனால் எங்கள் வீட்டுக்குள் வந்ததும் என் வயிற்றைப் பார்த்துவிட்டுச் சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். “வாயைக் கழுவு” என்றேன், அவன் வாயே திறக்காதபோது.

மார்ச்சில், நாள் ஆவதற்கு முன்பே, எனக்கு வலி கண்டுவிட்டது. செங்கல்பட்டில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். பெண் குழந்தை. உள்ளங்கையில் வைத்தால் மிச்ச இடம் இருக்கும், அவ்வளவுதான். மூக்கில் டியூப் போட்டுக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். “அப்பா யாரு, வந்து பாருங்க” என்று நர்ஸ் கூப்பிட்டார். ஜெரோம் செருப்பைக் கழற்றிவிட்டு, கை கழுவி, கர்ச்சீப்பால் துடைத்துக்கொண்டு உள்ளே போனான். பெட்டிக்கு நாலடி தூரம்கூட இருக்காது, மெஷின் கத்த ஆரம்பித்தது. குழந்தை நீலம் பாரித்துவிட்டதாம். நர்ஸ்கள் ஓடி வந்து எல்லோரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள்.

கதவு திறந்து, மூச்சு வந்துவிட்டது என்று டாக்டர் சொன்னபோது ஜெரோமைக் காணோம். அவன் மாடிப்படியில் நின்றிருந்தான், முதுகைக் காட்டிக்கொண்டு.

அதற்கப்புறம் அவன் படியை விட்டு மேலே வரவேயில்லை. மருந்து சீட்டைக் கொடுத்தால் ஓடுவான். எனக்குக் கஞ்சி கொண்டு வந்து படியில் வைப்பான், அக்கா எடுத்துவருவார். வேலைக்குப் போன நேரம் தவிர மிச்ச நேரமெல்லாம் அங்கேயே கிடந்தான். பாலைப் பீய்ச்சிக் கொடுத்துவிட்டு நான் மெல்ல நடந்து படியோரம் போவேன்.

“இன்னா பண்றா ரெபேக்கா?”

“வந்து பாரேன்.”

“நீ சொல்லு.”

“கைய ஆட்டுறா. ரெண்டு சொட்டு பால் உள்ள போச்சி.”

“பாத்தியா? நான் பாக்கலன்னா நல்லாத்தான் போவுது.”

என்ன செய்வேன் சொல்லுங்கள்? உண்மையிலேயே அது தேறிக்கொண்டுதான் வந்தது. நிறம் வந்தது. டியூபைக் கொஞ்ச நேரம் எடுத்தே விட்டார்கள். ஒவ்வொரு நல்ல செய்தியும் அவனை அந்தப் படியில் இன்னும் கெட்டியாக ஆணி அடித்து நிறுத்தியது. நான் கெஞ்சினேன், திட்டினேன், பேசாமல் இருந்து பார்த்தேன். என் பிள்ளையைப் பார்க்க அதன் அப்பனைக் கெஞ்ச வேண்டியிருந்ததே, அந்த எரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

தாமோதரன் அண்ணன் வந்தார். அவன் தோளைப் பிடித்து உலுக்கினார்.

“நைனா, அது சும்மா வெளையாட்டுக்குச் சொன்னதுடா. கலாய்ச்சேன்டா. உள்ள போய் புள்ளையப் பாருடா.”

“வெளையாட்டுக்குத்தான் சொன்னீங்க அண்ணாத்த. ஆனா நடந்துச்சே.”

அண்ணன் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டுப் படியிறங்கிப் போனார்.

எதற்கும் இருக்கட்டும் என்று குழந்தைக்கு அவசரமாக ஞானஸ்நானம் கொடுக்க ஃபாதர் வந்தார். என்ன பெயர் என்று கேட்டார். நான் படிக்கட்டைப் பார்த்தேன். “ஜெபா” என்று கீழேயிருந்து குரல் வந்தது. ஃபாதர் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் தண்ணீரைத் தெளித்தார். அந்தத் தண்ணீர் பட்டபோதுதான் ஜெபா முதல்முறையாக முழுசாகக் கண்ணைத் திறந்தாள். அக்கா படியோரம் ஓடி, “கண்ணத் தொறந்துட்டா ஜெரோமு!” என்று கத்தினார். கைதட்டல் கேட்டது. பழைய மாதிரியே.

ரெண்டு நாள்தான். திடீரென்று ஜுரம் வந்தது. பிஞ்சு உடம்பு, தாங்கவில்லை. மத்தியானம் எல்லாம் முடிந்துவிட்டது. இப்போது வந்து பார்க்கலாம் என்று அவனிடம் போய்ச் சொன்னவள் நான்தான். அப்போதுதான் அவன் மேலே வந்தான். மூடிய கண்களைத்தான் பார்த்தான்.

கல்லறைத் தோட்டத்தில் சின்னப் பெட்டியை அவனே மடியில் வைத்துக்கொண்டிருந்தான். “கண்ணு எப்டி இருந்துச்சு ரெபேக்கா?” என்று கேட்டான்.

“வந்து பாத்திருக்கணும்” என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல மனசு வரவில்லை.

அண்ணன் வீட்டு ஞாயிற்றுக்கிழமைகள் நின்று போயின. பிரவின்குமார் கல்யாணம் முடித்து வேறு பிளாக்குக்குப் போய்விட்டான். ரஜினி படம் வந்தது, கமல் படம் வந்தது, அக்காவும் நானும் சண்டை போட்டுக்கொள்ளவில்லை. ஜெரோம் ஜோக் சொல்வதை விட்டுவிட்டான். அவன் எதையும் நேராகப் பார்ப்பதில்லை. சோற்றைப் போட்டால் தட்டைப் பார்ப்பான், என்னைப் பார்க்க மாட்டான்.

இரண்டாயிரத்தொன்று மார்ச். மறுபடியும் சேப்பாக்கம், ஆஸ்திரேலியாவோடு கடைசி நாள். ஜெயிக்கக் கொஞ்ச ரன்தான் வேண்டும். எங்கள் கதவைத் தட்டிக்கொண்டு தாமோதரன் அண்ணன் நின்றார். ஜெரோமின் கையைப் பிடித்தார்.

“வா. என் பக்கத்துலதான் குந்தற.”

“வாணாம் அண்ணாத்த.”

“நான் கூப்பிட்டா வரமாட்டியா? தோத்தா தோத்துட்டுப் போவுது. நீ வா.”

டிவிக்கு நேர் எதிரே நடு நாற்காலியில் உட்கார வைத்தார். நான் பழக்க தோஷத்தில் ஜன்னலடியில் உட்கார்ந்தேன். பிரவினும் எங்கிருந்தோ வந்து சேர்ந்தான். விக்கெட்டுகள் விழ ஆரம்பித்தன. ஒவ்வொன்று விழும்போதும் ஜெரோம் எழப் பார்த்தான், அண்ணன் அவன் முழங்காலை அழுத்திப் பிடித்தார். “குந்துடா. டிவிய பாரு.” எட்டு பேர் போய்விட்டார்கள். அக்கா வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டார். ஜெரோம் கண்ணைக் கொட்டாமல் பார்த்தான், கண்ணில் தண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. பந்து போட வந்தவன் ஓடி வந்தான். மட்டை பட்டது. ஓடினார்கள். ஜெயித்துவிட்டோம்.

பிரவின் ஸ்டூலைத் தூக்கிப் போட்டு ஆடினான். அக்கா என்னைக் கட்டிக்கொண்டார். கீழே ரோட்டில் வெடிச் சத்தம் கேட்டது. அண்ணன் ஜெரோமின் இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டு, “பாத்தியாடா? பூரா மேட்சும் பாத்தியேடா! ஜெயிச்சுட்டோமேடா! இன்னா ராசி, இன்னா மண்ணாங்கட்டி!” என்று அழுதார்.

ஜெரோம் அவர் கையை மெல்ல விலக்கினான். ரெண்டு வருஷத்துக்கு அப்புறம் என்னை நேராகப் பார்த்தான்.

“அப்போ நான் பாத்திருக்கலாமா ரெபேக்கா?” என்றான். “அத்தினி நாளும் நான் உள்ள வந்து பாத்திருக்கலாமா?”

பிரவின் ஆட்டத்தை நிறுத்தினான். அண்ணன் எழுந்து டிவியை அணைத்தார். ஆமாம் என்று சொன்னால் செத்துவிடுவான், இல்லை என்று சொன்னால் பொய்.

ஜன்னலடியிலிருந்து எழுந்து போய் அவன் காலடியில் உட்கார்ந்தேன். ரெண்டு வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன்.

“ஃபாதர் தண்ணி தெளிக்கிறாரு. நெத்தியச் சுருக்கறா, கோவம் வந்துட்ச்சி. மொதல்ல ஒரு கண்ணத் தொறக்கறா. அப்பால இன்னொண்ணு. நல்ல கறுப்பு, உன்னிது மாதிரியே. என்னியப் பாக்கல அவ. கதவுப் பக்கமே பாத்துகினு கீறா.”

ஜெரோம் குனிந்து என் வாயையே பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான். கை தட்டவில்லை.