பேனா நின்ற இடம்

யோகலட்சுமி டீச்சரின் பேனா எப்போதும் என்னைவிடக் கொஞ்சம் தாமதம். நான் பிரெயில் தாளைத் தடவி ஒரு வாக்கியத்தைச் சொல்லி நிறுத்துவேன்; அவர் பேனா அதற்குப் பிறகும் சரசரவென்று ஓடிக்கொண்டிருக்கும். பாவம், மெதுவாக எழுதுகிறவர் என்று நினைத்தேன். எனக்கும் பொறுமைக்கும் வெகுதூரம். ஆனாலும் காத்திருந்தேன்.

அது 1986. பார்வையற்ற மாணவிகளான எங்களுக்குக் கட்டுரை எழுதக் கற்றுத்தர, டீச்சர் சனிக்கிழமைதோறும் விடுதிக்கு வருவார். வயது முப்பதுகூட இருக்காது. நல்லவர், அதில் சந்தேகமில்லை. ஆனால் வருணனைப் பைத்தியம். கட்டுரை என்றால் அவருக்குச் சூரியன் உதித்தே ஆக வேண்டும். பிறவியிலேயே பார்வை இல்லாத நான் எதற்குச் சூரியனை உதிக்க வைக்க வேண்டும் என்று கேட்டுப் பலமுறை வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

பினாங்கின் ஜார்ஜ்டவுனில் ஓர் இளைஞர் மன்றம் ‘எங்கள் ஊர்க் காலை’ என்று கட்டுரைப் போட்டி வைத்தது. முதல் பரிசு பெறும் கட்டுரை மன்றத்தின் ஆண்டு மலரில் அச்சாகும். ‘சுலைஹா’ என்ற பெயரோடு என் எழுத்து அச்சில் வர வேண்டும் என்று ஆசை பிடித்து ஆட்டியது. நடுவர்களுக்குப் பிரெயில் தெரியாது. அதனால் நான் வாசிக்க வாசிக்க, டீச்சர் பேனாவால் எழுதி அனுப்பி வைத்தார்.

முதல் பரிசு எனக்குத்தான். சூலியா ஸ்ட்ரீட்டில் ரொட்டி சானாய் என்கிற பரோட்டா போடும் என் அத்தா நூர் முகம்மது, கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு விழாவுக்கு வந்திருந்தார். நான் கோப்பையை வாங்கிக்கொண்டு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும், மன்றத் தலைவர் கட்டுரையை ஒலிபெருக்கியில் வாசித்தார்.

“கதிரவன் தன் பொற்கரங்களை நீட்டிப் பினாங்குத் தீவைத் தழுவினான்.”

வேறு யாருடைய கட்டுரையையோ மாற்றி எடுத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். அடுத்து நான் எழுதியிருந்த ஐஸ்காரர் வந்தார். அவர் பின்னாலேயே கடல் நீலப்பட்டு உடுத்திக்கொண்டு வந்தது. அப்போதுதான் அந்தப் பேனாவின் சரசரப்பு நினைவுக்கு வந்தது. உடம்பெல்லாம் எரிந்தது. கோபம் பாதி, வெட்கம் பாதி. எல்லாரும் கைதட்டினார்கள். எப்படியோ அச்சில் வரப்போகிறதே, வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம் என்றும் தோன்றியது.

அத்தா என் கையைப் பிடித்தார்.

“கடல் நீலமுன்னு எழுதியிருக்கியே புள்ள. கொஞ்சமாச்சும் தெரியுதா?”

இத்தனை வருஷம் அவர் கேட்காமல் அடக்கி வைத்திருந்த கேள்வி. டீச்சர் சேர்த்த ஒரு வரியை நம்பி அவர் காத்திருந்தார்.

“தெரியலத்தா. அது டீச்சர் எழுதுனது.”

அத்தா என் கையை விடவில்லை. பிறகு, அப்படியானால் நீ என்னதான் எழுதினாய் என்று கேட்டார்.

பையிலிருந்து பிரெயில் தாளை எடுத்து மடியில் விரித்தேன். கூட்டம் கலைந்து, மன்றத்தார் நாற்காலிகளை அடுக்கத் தொடங்கியிருந்தார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவே வாசித்தேன். ஐஸ்கட்டியைத் தரையில் இழுக்கும் கரகரப்பு, முதல் ஃபெரியின் ஊதல், அத்தா ரொட்டி மாவைக் கல்லில் அறையும் சத்தம். அது பலமாக விழுந்தால் அன்று அவருக்கு இடுப்புவலி இல்லை என்று எழுதியிருந்தேன். அத்தா மூக்கை உறிஞ்சினார்.

“அந்த இடுப்புவலியை நான்தான் வெட்டிட்டேன்,” என்றது பின்னாலிருந்து டீச்சரின் குரல். என்னை விடுதிக்கு அழைத்துப்போக வந்தவர் கேட்டுக்கொண்டே நின்றிருக்கிறார். சூரியனும் கடலும் இல்லையென்றால் கண் தெரியாத பிள்ளை என்று பரிதாபப்பட்டு ஆறுதல் பரிசு கொடுத்துவிடுவார்கள் என்று பயந்தாராம்.

“பரிதாபப்பட்டா படட்டும் டீச்சர். என் பேருக்குக் கீழ நான் எழுதுனதுதான் வரணும்லா.”

அதற்கு நடுவர்களிடம் உண்மையைச் சொல்ல வேண்டும், கோப்பை போனாலும் போகும் என்றார். கோப்பையை அவர் பக்கம் நீட்டினேன். கொடுக்க மனசில்லைதான்.

டீச்சர் அதை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, ஒரு நாற்காலியை என் அருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தாளை எடுக்கும் சத்தம் கேட்டது. முதல் வாக்கியத்தைச் சொன்னேன். கடைசிச் சொல்லோடு பேனா நின்றது. வேண்டுமென்றே அடுத்த வாக்கியத்தைச் சொல்லாமல் இருந்தேன். பேனா அசையவில்லை.

“அப்புறம்?” என்று கேட்டார் டீச்சர்.