நான் எழுதிக் கொடுத்த பதில்

அந்தப் பதிலை எழுதியவள் நான்தான். ஆய்வகத்தில் பாட்டில்களின் மேல் தேதி எழுதுவதற்கென்று ஒரு பேனா உண்டு. தண்ணீர் பட்டாலும் அதன் மை அழியாது. அந்தப் பேனாவால், உள்ளங்கை அளவு அட்டை ஒன்றில் மூன்று வரி எழுதினேன்.

எனக்கு இங்கே குடும்பப் பொறுப்பு எதுவும் இல்லை. நான் தனி ஆள். எங்கே அனுப்பினாலும் இரண்டு வாரத்தில் வந்து சேர்ந்துவிடுவேன்.

அத்தான் வாங்கிப் படித்தார். திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் எதுவும் இல்லை.

"அப்போ நீ யாரு?" என்று கேட்டார்.

"நான் இன்டர்வியூ எடுக்கிற கம்பெனிக்காரன். கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்க."

அத்தான் என் அத்தையின் மகன். ஒரே கட்டடத்தில் அவர்கள் மூன்றாவது மாடி, நாங்கள் முதல் மாடி. காகித ஆலை ஒன்றில் பம்புகளைப் பராமரிக்கும் இன்ஜினீயர் அவர். ஓடுகிற பம்பின் மேல் ஸ்க்ரூ டிரைவரின் முனையை வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு கேட்பார். உள்ளே எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது, இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லிவிடுவார். அதனால் எங்கள் வீட்டில் அவருக்குப் பெயர் 'பம்பு டாக்டர்'. ஆறு வருடமாக டாக்டர் அதே நாற்காலியில்தான் இருந்தார்.

நான் வேதியியல் முதுகலை. ஊருக்குக் குடிநீர் அனுப்பும் நிலையத்தின் ஆய்வகத்தில் வேலை. தண்ணீரில் கலந்திருக்கும் உலோகங்களை நுணுக்கமாக அளக்கும் கருவி ஒன்றை எங்களுக்கு வாங்கிக் கொடுத்திருந்தார்கள். நான்கு வருடமாக அது பெட்டியைவிட்டு வெளியே வரவில்லை. பொருத்துவதற்கு ஆள் வரும், வரும் என்றார்கள். நாங்கள் அந்தப் பெட்டியின் மேல் சாப்பாட்டுப் பையை வைத்துக்கொண்டிருந்தோம். வெளிநாட்டில் என்னைப் போலப் படித்தவர்கள் அந்தக் கருவியில் தினமும் வேலை செய்கிறார்கள் என்று படிக்கும்போதெல்லாம் வயிற்றெரிச்சலாக இருக்கும்.

எங்கள் கல்யாணம் பேசி முடிவாகியிருந்தது. அதற்குள் வெளிநாட்டில் வேலை தேடிக்கொள்வது, இரண்டு பேரும் சேர்ந்தே போவது என்று நாங்கள் இருவரும் தனியாகப் பேசி முடிவு செய்திருந்தோம். பெரியவர்களிடம் முதல் பாதியை மட்டும் சொல்லியிருந்தோம்.

அத்தான் இரண்டு கம்பெனிகளுக்கு நேர்காணல் கொடுத்தார். எல்லாம் கணினியில், முகம் பார்த்துப் பேசுவதுதான். பம்பு பற்றிக் கேட்டவரை அருவி மாதிரி கொட்டியிருக்கிறார். எப்போது வந்து சேர முடியும் என்று முதல் கம்பெனி கேட்டதும், மாமா பெண்ணோடு கல்யாணம் பேசியிருக்கிறது, அவள் பெரிய படிப்பு படித்தவள், அவளையும் அழைத்துக்கொண்டு வர வேண்டும், கேட்டுச் சொல்கிறேன் என்றாராம். இரண்டாவது கம்பெனியிடம் என்னைப் பற்றி மட்டும் மூன்று நிமிடம் பேசினாராம். அதைப் பெருமையாக வேறு என்னிடம் வந்து சொன்னார்.

இரண்டு இடத்திலிருந்தும் வருந்துகிறோம் என்று இரண்டு வரிக் கடிதம் வந்தது. காரணத்தை யாரும் சொல்லவில்லை. நானே கண்டுபிடித்தேன். இரண்டே இரண்டு மாதிரியை வைத்துக்கொண்டு தண்ணீர் கெட்டுப்போயிற்று என்று முடிவு கட்டக்கூடாது என்று ஆய்வகத்தில் மற்றவர்களுக்குப் பாடம் நடத்துகிறவள் நான்.

"பம்பைப் பத்திப் பேசுங்கன்னா என்னைப் பத்திப் பேசிட்டு வர்றீங்க. கல்யாணம், மாமா பொண்ணுன்னு இழுத்தா எவன் வேலை கொடுப்பான்?" என்று சத்தம் போட்டுவிட்டு அந்த அட்டையை எழுதினேன்.

அன்றிலிருந்து தினமும் மாலையில் அத்தை வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் பயிற்சி. குக்கர் வாங்கியபோது வந்த அட்டைப்பெட்டியின் மேல் கணினியை வைத்தால் முகம் சரியாகத் தெரியும். அத்தான் மேலே இஸ்திரி போட்ட சட்டையும் டையும், கீழே அரைக்கால் சட்டையுமாக உட்காருவார். "மேலே மாப்பிள்ளை, கீழே குளிக்கப் போறவன்," என்று அத்தை சிரிப்பாள். நான் அப்பாவின் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு எதிரில் உட்கார்ந்து கேள்வி கேட்பேன். ஒவ்வொரு பதிலுக்கும் பத்துக்கு மதிப்பெண்.

பம்புக் கேள்விகளுக்கு எட்டுக்குக் குறையாது. 'தனி ஆள்' என்ற இடத்தில்தான் தகராறு. அங்கே வந்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிடும். கண் கேமராவைவிட்டு நழுவி என்னிடம் வந்து நிற்கும்.

"என்னைப் பார்க்காதீங்க. கேமராவைப் பாருங்க."

"பொய் சொல்லும்போது யாரையாவது பார்க்கணும் போல இருக்கு, மேடம்."

"இது பொய் இல்லை. வேலைக்காகச் சொல்றது. அப்புறம், கடைசியிலே சுத்தி வளைச்சு வேற மாதிரி கேப்பாங்க. ஆழம் பார்ப்பாங்க. என்ன கேட்டாலும் சொன்னதை மாத்தக் கூடாது. தெரியுதா?"

தலையாட்டுவார். இரண்டு, மூன்று, நான்கு என்று மதிப்பெண் மெதுவாக ஏறியது. ஒரு வியாழக்கிழமை, அவர் கேமராவைவிட்டுக் கண்ணை எடுக்காமல், பேருந்து எத்தனை மணிக்கு என்று கேட்டால் சொல்வதுபோல அந்த மூன்று வரியையும் சொல்லி முடித்தார். பத்துக்குப் பத்து போட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொள்ளக் கொஞ்சம் நேரம் ஆயிற்று.

மூன்றாவது கம்பெனி கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை. நகரத்திலிருந்து நான்கு மணி நேரம் தள்ளி, கடற்கரையில் தனியாக நிற்கிற ஆலை என்று படித்திருந்தோம். நேர்காணல் நடந்தபோது நானும் அத்தையும் சமையலறையில் இருந்தோம். அத்தான் காதில் ஹெட்போன் மாட்டியிருந்ததால் கேள்வி எங்களுக்குக் கேட்கவில்லை. அவர் குரல் மட்டும் வந்தது. ஸ்க்ரூ டிரைவர் கதையைச் சொன்னார். அந்தப் பக்கம் சிரித்திருக்க வேண்டும், அவரும் சிரித்தார். பிறகு கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. யாரோ நீளமாகப் பேசுகிறார்கள் என்று தெரிந்தது.

"நோ சார். நோபடி," என்றார் அத்தான்.

மறுபடி மௌனம். அப்புறம் அட்டையில் இருந்த மூன்று வரியும் ஒரு பிசிறில்லாமல் வந்தன. நான் அத்தையைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினேன்.

வெளியே வந்தவர் டையைத் தளர்த்திக்கொண்டே தண்ணீர் கேட்டார். கடைசியில் என்ன கேட்டார்கள் என்றேன். "நீ சொல்லிக் கொடுத்த மாதிரிதான்," என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் போய்விட்டார். களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

வேலை கிடைத்தது. இரண்டு வருட ஒப்பந்தம். தனி ஆட்களுக்கான விடுதியில் ஓர் அறை. குடும்பத்தை அழைத்துவர இந்தப் பிரிவில் வசதி இல்லை என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியில் இரண்டு பேருக்கும் முகம் வாடியது. உள்ளே போய்விட்டால் எதையும் மாற்றிக்கொள்ளலாம் என்று நான்தான் தைரியம் சொன்னேன். கல்யாணத்தைக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொன்னதும் நானே. இப்போது கல்யாணம் என்றால் சொன்னது பொய்யாகிவிடுமே. பெட்டி கட்டும்போது, "ரெண்டு வாரத்திலே சேர்ந்துடுவேன்னு சொன்னது உண்மையாயிடுச்சு பாரு," என்றார். யாரும் சிரிக்கவில்லை.

நான்காவது மாதம், ஒரு வெள்ளிக்கிழமை மதியம் வீடியோ அழைப்பில் பேசிக்கொண்டிருந்தோம். புதிதாக ஒரு சிநேகிதர் கிடைத்திருக்கிறார் என்றார். அவரும் பம்பு இன்ஜினீயர்தான், அதே வாரம் தேர்வானவர். நேற்று அவர் வீட்டில் சாப்பாடாம்.

"வீடா? உங்களுக்கெல்லாம் விடுதிதானே?"

"அவருக்கு வீடு. மனைவியும் இங்கேதான், ஆய்வகத்திலே. பி.எஸ்சி.தான். உன் அளவுக்குப் படிக்கலை," என்றவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

"அவங்களுக்கு எப்படி வேலை கிடைச்சுது?"

"அவரோட இன்டர்வியூல கேட்டாங்களாம்."

"என்னன்னு?"

அவருக்குப் பின்னால் சுவரில் சட்டைகள் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன.

"அத்தான். உங்களையும் கேட்டாங்களா?"

"எல்லாரையும் கேப்பாங்க போல." மெதுவாகச் சொன்னார். "இது ஒதுக்குப்புறம், தனியா வர்றவங்க ரெண்டு வருஷத்திலே ஓடிடறாங்க. ஆய்வகத்துக்கும் ஆள் வேணும். உங்களுக்குன்னு யாராவது அறிவியல் படிச்சவங்க இருந்தா ரெண்டு பேரையும் சேர்த்தே எடுத்துக்கறோம்னு கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

எனக்குத் தெரியும். சமையலறையில் நின்று காதால் கேட்டுக் கட்டைவிரல் உயர்த்தியவள்தானே.

"ஒரு நிமிஷம் உன் பேரு தொண்டை வரைக்கும் வந்துது. சுத்தி வளைச்சுக் கேப்பாங்க, மாத்தாதீங்கன்னு நீ சொன்னது ஞாபகம் வந்துது. மறுபடியும் கேட்டாங்க. மறுபடியும் அதையே சொன்னேன்."

இவ்வளவு நாள் ஏன் மறைத்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. அவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மறைக்கவில்லை என்பது விளங்க எனக்கு அதிக நேரம் ஆகவில்லை.

நாளைக்கே மேனேஜரிடம் போய் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று அன்றைக்கே சொன்னார். அங்கே சேர்ந்தபோது, தனக்கென்று யாரும் இல்லை என்று ஒரு படிவத்திலும் கையெழுத்துப் போட்டிருந்தார். அது எனக்குப் பயமாக இருந்தது. ஆறு மாதம் சோதனைக் காலம் முடியட்டும் என்றேன். அது முடிந்ததும், இப்போது சொன்னால் முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்றேன். அவர் ஒவ்வொரு முறையும் சரி என்றார்.

ஒன்றரை வருடம் கழித்து அந்தச் சிநேகிதரும் மனைவியும் வேறு நாட்டுக்குக் கிளம்பினார்கள். ஆய்வகத்தில் இடம் காலியானது. விளம்பரம் வந்ததும் நானே விண்ணப்பித்தேன், நேர்காணலுக்கு அழைத்தார்கள். முந்தின நாள் அத்தான் பேசினார். "யாராவது இருக்காங்களான்னு கேட்டா என் பேரைச் சொல்லு. என்ன வேணா ஆகட்டும். இந்த வேலை போனா உலகத்திலே வேற எங்கேயாவது ஒரு பம்பு கெட்டுப்போய்தானே இருக்கும்?"

சொல்லிவிடுகிறேன் என்றுதான் சொன்னேன். அப்போது அதை மனதாரவே சொன்னேன்.

அதே மேஜை, அதே குக்கர் பெட்டி. திரையில் நரைத்த தலையோடு ஓர் அம்மாள். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். பெட்டிக்குள்ளேயே கிடக்கும் எங்கள் கருவியைப் பற்றிச் சொன்னபோது வாய்விட்டுச் சிரித்தார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, இது தனிமையான இடம், உங்களுக்கென்று இங்கே யாராவது இருக்கிறார்களா, அல்லது உங்களோடு யாராவது வருவார்களா என்று கேட்டார். அதில் சூழ்ச்சி எதுவும் இல்லை. என்மேல் அக்கறைப்பட்டுத்தான் கேட்டார்.

அத்தான் கையெழுத்துப் போட்ட படிவம் அந்த அம்மாளின் மேஜை டிராயரில் இருப்பதுபோல எனக்குத் தோன்றியது. நான் ஒரு பெயரைச் சொன்னால் அவர் எழுந்து போய் அதை எடுத்துப் பார்ப்பார். அவ்வளவுதான், அதற்குமேல் எனக்கு யோசனை ஓடவில்லை. எத்தனையோ மாலைகள் கேட்டுக் கேட்டுக் காதில் ஊறிப்போன மூன்று வரி. "நோபடி"யோடு சேர்ந்து தானாக வந்தன. கேமராவைவிட்டு நான் கண்ணை எடுக்கவில்லை.

அத்தை டீயைக் கொண்டுவந்து வைத்தாள். "நோபடி" அவளுக்குப் புரிந்திருந்தது. "ரெண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடம்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அத்தான் அழைத்தபோது மறைக்காமல் சொன்னேன். வைத்துவிட்டாரோ என்று பார்த்தேன். இல்லை.

"கேமராவைப் பார்த்தே சொன்னியா?"

"ம்."

"பத்துக்குப் பத்து," என்றார். குத்திக்காட்டவில்லை. அவருக்கு அது வரவும் வராது.

பத்து நாளில் கடிதம் வந்தது. இரண்டு வரி. காரணம் எழுதவில்லை. இந்த முறை எனக்கு அது தேவைப்படவில்லை.

அதே வாரம் அவருடைய ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருடம் நீட்டட்டுமா என்று கம்பெனி கேட்டிருந்தது. அதே அறை, அதே பிரிவு. வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும்.

"நான் எதுவும் சொல்ல மாட்டேன், அத்தான். போதும். உங்களுக்கு என்ன தோணுதோ அதைச் சொல்லுங்க. வரேன்னாலும் சரி, இருக்கேன்னாலும் சரி."

முன்பின் தெரியாத கம்பெனிக்காரர்களிடம் என்னைப் பற்றி மூன்று நிமிடம் பேசிய மனிதர் அவர். காத்திருந்தேன். அந்தப் பக்கம் ஆலையின் பம்புகள் ஓடும் சத்தம் மெல்லியதாகக் கேட்டுக்கொண்டே இருந்தது. அவர் ஏதோ சொல்ல ஆரம்பித்து நிறுத்தினார்.

"நீ என்ன சொல்லச் சொல்றே?" என்று கேட்டார்.