எட்டு நாள் மாத்திரை

மாரியம்மனுக்குக் காப்புக் கட்டிய எட்டு நாளும் காத்தாயி பிரஷர் மாத்திரையைத் தொடவில்லை. விரதத்தில் மருந்து ஆகாது என்று அவளாகவே வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. காப்பு அவிழ்த்த காலையில், "விட்டதையெல்லாம் சேத்துப் போட்டுரு புள்ள, சரியாப் போயிரும்" என்று சொன்னவன் அவள் புருசன் உடையப்பன்தான். மத்தியானம் வல்லத்திராக்கோட்டை வீட்டு வாசலிலேயே சாய்ந்துவிட்டாள். ஆம்புலன்ஸில் புதுக்கோட்டைக்குக் கொண்டுவந்தபோது கைகால் சில்லிட்டுக் கிடந்தது.

"எத்தனை மாத்திரை சாப்பிட்டாங்க?" என்றார் டாக்டரம்மா.

"ரெண்டு இருக்கும்ங்க." உடையப்பன் உண்மையைச் சொல்லவில்லை.

"ரெண்டுக்கு இப்புடி விழ மாட்டாங்களே" என்று முனகிய டாக்டரம்மா, இன்சுலின் போடச் சொன்னார்.

உடையப்பனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. நர்ஸ் பிரகதீஸ்வரி மருந்தோடு வந்ததும் கட்டிலை மறித்துக்கொண்டு நின்றான்.

"ஆள் மாறிப்போச்சும்மா. இவளுக்குச் சர்க்கரையே கெடையாது. அந்தக் கையில குளுக்கோஸ் ஏறுது, இந்தக் கையில அதை எறக்குற ஊசியா? என்னங்க வைத்தியம் இது?"

"வழிய விடுங்கய்யா" என்றார் டாக்டரம்மா. "மாத்திரை அதிகமாகி இதயம் சோந்துபோச்சு. சர்க்கரையை இழுத்துக்கிட்டாத்தான் அதுக்குத் தெம்பு வரும். இழுக்க வைக்கத்தான் இன்சுலின். ஒடம்புல சர்க்கரை கொறைஞ்சிறக் கூடாதுல்ல, அதுக்குத்தான் குளுக்கோஸ். இப்பவாவது நெசத்தச் சொல்லுங்க. தெரிஞ்சாத்தான் அடுத்து எதுக்குத் தயாரா இருக்கணும்னு எங்களுக்குப் புரியும்."

பாதி விளங்கியது, பாதி விளங்கவில்லை. காத்தாயியின் உதடு வெளுத்திருந்தது மட்டும் நன்றாகத் தெரிந்தது.

"பதினாறுங்க. ஒரு நாளைக்கு ரெண்டு வீதம், எட்டு நாளுக்கு. நாந்தான் போடச் சொன்னேன்."

வைவார்கள் என்று தலையைக் குனிந்தான். யாரும் வையவில்லை. அது அவனை இன்னும் குழப்பியது. நகர்ந்து சுவரோரம் நின்றான். ஊசி ஏறியது.

கட்டில் தலைமாட்டுப் பெட்டியில் பிரஷர் அறுபது என்று காட்டியது. வெகுநேரம் கழித்து அறுபத்தெட்டு. பிறகு எழுபத்தாறு.

"அம்மா, ஏறுதும்மா!" என்று பதறினான்.

"ஏறட்டும்ங்க. இன்னும் ஏறணும்" என்றாள் பிரகதீஸ்வரி.

ஆறு வருசமாக ஏறக் கூடாது, ஏறக் கூடாது என்றே கேட்டுவந்தவன் அவன். எண் எழுபத்து நாலுக்கு இறங்கியதும் சுவரோரத்தை விட்டுக் கட்டிலருகே வந்தான். "ஏறு ஆத்தா, ஏறு" என்று அந்தப் பெட்டியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான்.