தலைக்கு மேல் ஒரு பாத்திரம்

எங்கள் பேக்கரியில் நுரை பதத்துக்கு வந்துவிட்டதா என்று பார்க்க ஒரே ஒரு வழிதான் உண்டு. நுரையை அடித்தவர் பாத்திரத்தைத் தன் தலைக்கு மேலேயே கவிழ்த்துப் பிடிக்க வேண்டும். விழாவிட்டால் பதம். விழுந்தால் குளியல். அப்பா வைத்த ஏற்பாடு. அப்பா இறந்து ஆறு வருடம் ஆகிறது, ஏற்பாடு மட்டும் மாறவில்லை.

முட்டையின் வெள்ளைக்கருவைச் சர்க்கரையோடு அடித்து, சின்னச் சின்னக் கூம்புகளாகப் பிழிந்து, மெல்லிய சூட்டில் காயவைத்தால் நுரைக்கேக். வாயில் போட்டால் இருந்த இடம் தெரியாது. கடைக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததே அதுதான். முட்டை உடைப்பதும் வெள்ளையைப் பிரித்து அடிப்பதும் என் வேலை. மாவும் ஓவனும் அண்ணனுடையவை. முன்பக்கம் வாடிக்கையாளர்களைப் பார்த்துக்கொள்வது அண்ணி. ஜன்னலோர மேஜையில் அண்ணனும் நானும் எதிரெதிராக நின்று ஒன்பது வருடமாக வேலை செய்கிறோம். அதிகம் பேச மாட்டோம். ஒருவர் கை நீட்டினால் மற்றவர் அதில் கரண்டியை வைப்பார், அவ்வளவுதான்.

அந்த வாரம் முட்டை வேறு இடத்திலிருந்து வந்தது, கோழிகளோடு சேவல்களும் திரிகிற ஒரு தோட்டத்திலிருந்து. அதில் ஒரு தட்டை ஓவனுக்கு மேலிருந்த பலகையில் வைத்துவிட்டு நாலு நாள் மறந்துபோனோம். ஐந்தாம் நாள் அதிலிருந்து ஒன்றை எடுத்து உடைத்தேன்.

மஞ்சள்கருவின் மேல் சிவப்பு நூலால் பின்னிய சின்ன வலை. அதன் நடுவில் கடுகில் பாதி அளவு ஒரு புள்ளி. அந்தப் புள்ளி துடித்தது.

சத்தமே இல்லை. விரிந்தது, சுருங்கியது. விரிந்தது, சுருங்கியது. ஓடு போய்விட்டது, சூடு போய்க்கொண்டிருந்தது. அதற்கு இன்னும் கண் வரவில்லை, வாய் வரவில்லை, கோழி என்றால் என்னவென்றே அதற்குத் தெரியாது. ஆனாலும் யாரோ ஒப்படைத்துவிட்டுப் போன வேலையைப் போல அதைச் செய்துகொண்டிருந்தது. நான் யாரையும் கூப்பிடவில்லை. கிண்ணத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைசித் துடிப்பு எது என்று என்னால் சொல்ல முடியவில்லை. அடுத்தது வரும், வரும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அருவருப்பு இல்லை. ரொம்பப் பெரிய ஒருவர் அறைக்குள் வந்தால் நாம் அறியாமலே எழுந்து நிற்போமே, அது மாதிரி.

அதற்குப் பிறகு முட்டை வாய்க்குள் போகவில்லை. முட்டையில் ஆரம்பித்தது பாலுக்கும் வந்தது. இது யாருக்காகச் சுரந்தது என்று ஒரு தரம் கேட்டுவிட்டால் அந்தக் கேள்வி டம்ளருக்குள்ளேயே உட்கார்ந்துகொள்கிறது. முதல் வாரம் தலைவலி, பசி, எரிச்சல். வெண்ணெய் தடவாத ரொட்டியை மெல்லும்போது எனக்கே என்மேல் பரிதாபமாக இருந்தது. பிஸ்கட் பாக்கெட்டின் பின்பக்கத்து எறும்பு எழுத்தைப் படித்துவிட்டுத் திரும்ப வைத்தேன். அதிலும் பால் பவுடர்.

"சைவம்தானே? கொஞ்சூண்டு வெண்ணெய்னால என்ன ஆயிடும்?" என்றாள் அண்ணி.

"இது அதுக்கும் மேல அண்ணி."

"மேலன்னா, காத்தக் குடிச்சே இருப்பியா?"

அண்ணனிடம் நல்ல தமிழில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அதுதான் வினை. ஒரு பத்திரிகையில் பார்த்த சொல் பிடித்திருந்தது. நனிசைவம். நனி என்றால் மிக. மாவு பிசையும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தபோது போய்ச் சொன்னேன்.

"அண்ணா, நான் இனிமே நனிசைவம். முட்டை, பால் எதுவும் தொட மாட்டேன்."

அண்ணன் மாவுக் கையோடு என்னை ஒரு நிமிடம் பார்த்தார். "சரி" என்றார். ஓவன் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த இரண்டு நாளும் வெள்ளையை அவரே அடித்தார். மூன்றாம் நாள், சனிக்கிழமை, பின்பக்கம் மாவு மூட்டைகள் இருந்த அறையைத் திறந்தேன். மூட்டைகளைக் காணோம். தரை கழுவியிருந்தது. ஒரு சின்ன மேஜை, நுரை அடிக்க ஒரு புதுக் கம்பி, புது பல்பு. ஆணியில் என் ஏப்ரன்.

நேரே அண்ணியிடம் போனேன்.

"அண்ணன் என்னை ஒதுக்கி வெச்சுட்டார்."

"நல்லாருக்கே! தனியாப் போறேன்னு சொன்னது நீ. அந்த மனுஷன் ரெண்டு நாளா சரியா சாப்பிடல."

"நான் எப்ப சொன்னேன்?"

"தனிசைவம்னு சொன்னியாமே? தனி அடுப்பு, தனி மேஜை, அப்புறம் தனிக்கடை. தங்கச்சி கேட்டுட்டா, வாய் விட்டு வேணாம்னு சொல்லக் கூடாதுன்னு மூட்டை மூட்டையாத் தூக்கினார்."

மெஷினின் பக்கத்திலேயே நின்று நின்று அண்ணனின் இடது காது மந்தம். நான் சொன்னது இடது காதில்.

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் உள்ளே ஓடினேன். வலது காதுப் பக்கமாக நின்று கத்தினேன். "அது தனி இல்லண்ணா! நனி! நனின்னா ரொம்ப!"

அண்ணன் முகம் லேசாக இளகியது. உடனே மறுபடி இறுகியது. "தனியோ நனியோ, பேர்ல என்ன இருக்கு குருவி? முட்டை தொடாதவளுக்கு இந்த மேஜையில என்ன வேலை? திங்கக்கிழமை உன் இடத்துல வேற ஆளு நிக்கும். நீ பின்னால நின்னு பெட்டி கட்டு. நான் துரத்தல. ஆனா பொய்யா நிக்க வைக்கவும் எனக்குத் தெரியாது."

அவர் சொன்னது சரிதான்.

ஞாயிற்றுக்கிழமை கடை லீவு. கடைக்கு மேல் மாடியில்தான் எங்கள் வீடு. அண்ணி எனக்காகவே வெள்ளைக் கொண்டைக்கடலை வேகவைத்திருந்தாள், "நனிக்கு நாலு கடலை" என்று பாட்டுப் பாடிக்கொண்டு. வடித்துத் தரச் சொன்னாள். தொட்டியில் வடித்தேன். கடலை சல்லடையில், தண்ணீர் கீழே. கொழகொழவென்று இறங்கிய அந்தத் தண்ணீர் குழாய்த் தண்ணீர் பட்டதும் நுரைத்தது. நுரை போகவில்லை. இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டேன். ஓரமாக ஒதுங்கி உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்தது. அந்தப் பிடிவாதம் எனக்குத் தெரியும். ஒன்பது வருடமாக என் கையில் இருந்த பிடிவாதம்.

"அண்ணி, குக்கர்ல மிச்சத் தண்ணி இருக்கா?"

"இருக்கு. கொட்டப் போறேன்."

"கொட்டாதீங்க!"

நான் போட்ட சத்தத்தில் அண்ணி கரண்டியைக் கீழே போட்டாள்.

அதைப் பாதியாகச் சுண்டக் காய்ச்சி, ஆறவைத்து, கீழே கடைக்கு எடுத்துக்கொண்டு போனேன். ஜன்னலோர மேஜையில் என் இடத்தில் நின்றேன். நாலு சொட்டு எலுமிச்சை. அடிக்க ஆரம்பித்தேன். மெஷினைத் தொடவில்லை, கை சொல்வதை நான் கேட்க வேண்டியிருந்தது.

ஐந்து நிமிடம், அழுக்குத் தண்ணீரில் சோப்புக் குமிழி. பத்து நிமிடம், பழுப்பு வெளுத்தது. தோள் கெஞ்சியது. சர்க்கரையைச் சிட்டிகை சிட்டிகையாகத் தூவினேன். அப்புறம் எந்த நொடி என்று தெரியவில்லை, கம்பி கனத்தது. பாத்திரத்துக்குள் வெள்ளை எழும்பியது. தொட்டியில் போக வேண்டிய தண்ணீர், யாரும் பேர்கூட வைக்காத தண்ணீர், மடிப்பு மடிப்பாக, பளபளவென்று, ஜன்னல் வெளிச்சத்தை வாங்கிக்கொண்டு எழும்பியது. எத்தனை வீடுகளில், எத்தனை காலமாக இதைக் கொட்டியிருப்பார்கள்! அது எதுவும் சொல்லாமல் கீழே போய்க்கொண்டே இருந்திருக்கிறது. எனக்கு அந்தச் சிவப்புப் புள்ளி ஞாபகம் வந்தது. கம்பியைக் கீழே வைத்துவிட்டேன்.

வாசலில் அண்ணன் நின்றிருந்தார். பின்னால் அண்ணி. எவ்வளவு நேரமாக என்று தெரியாது.

"முட்டை இல்லாம?" என்றார்.

"கடலை வேகவெச்ச தண்ணி."

"விளையாடறியா?"

பாத்திரத்தைத் தூக்கினேன். கவிழ்ப்பதற்குள் அண்ணன் வந்து வாங்கிக்கொண்டார்.

"அடிச்சவங்கதான் கவிழ்க்கணும்" என்றேன்.

"தெரியும். விழுந்தா என் தலையில விழட்டும்."

தன் தலைக்கு மேல் கவிழ்த்தார். கண்ணை மூடிக்கொண்டார். அண்ணி துண்டைத் தேடினாள். ஒரு சொட்டு விழவில்லை. அண்ணன் இறக்கவில்லை. ஒரு கண்ணை மட்டும் திறந்து, கோவில் கூரையை அண்ணாந்து பார்க்கிற குழந்தை மாதிரி, உள்ளே தொங்குகிற அந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"தண்ணியா இது?" என்றார் மெதுவாக. என்னைக் கேட்கவில்லை.

பிறகு இறக்கி, விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். "கடலை வாசனை அடிக்குது."

"ஓவன்ல போனா போயிடும்னு நினைக்கிறேன்."

"போகலேன்னா?"

"மறுபடி அடிப்பேன்."

அண்ணன் போய் ஓவனைச் சன்னமான சூட்டில் ஏற்றினார். தட்டில் காகிதம் விரித்து என் பக்கம் தள்ளினார். நான் கை நீட்டினேன். பிழியும் பையை அதில் வைத்தார்.

"முட்டைய நான் உடைச்சுக்கறேன். நீ இத அடி. நாளைக்கு இங்க வேற ஆள் வர வேணாம்." சற்று நிறுத்தி, வலது காதை என் பக்கம் திருப்பினார். "இன்னொரு தரம் சொல்லு. என்ன சைவம்?"

"நனி."

"நனி" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

"தண்ணியெல்லாம் நீங்க எடுத்துக்கிட்டா, தினம் ஒரு படி கடலைய யாரு தின்னு தீர்க்கறது?" என்றாள் அண்ணி.

முதல் கூம்பைப் பிழிந்தேன். நுனி வளையாமல் நின்றது. மூன்று பேரும் குனிந்து பார்த்தோம்.